மீட்டிங்கில் வாய் திறக்கணும்! – ஆபீஸ் ஆங்கிலம் பற்றி வாசகர் கேள்வி–பதில்

கே: தினமும் பத்து ஆங்கில வார்த்தை மனப்பாடம் செய்கிறேன். நோட்டே நிரம்பிவிட்டது. பையர் எதிரே உட்கார்ந்தால் ஒன்றுகூட வாயில் வருவதில்லை. ஏன்?
– மெர்ச்சண்டைசர், திருப்பூர்

ப: ஒற்றை ஒற்றை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், அதனால்தான். பேச்சில் எந்த வார்த்தையும் தனியாக வராது, ஜோடியோடுதான் வரும். 'ஆர்டர்' உங்களுக்குத் தெரியும். அதை 'ப்ளேஸ்' செய்கிறார்கள், 'கன்ஃபர்ம்' செய்கிறார்கள் என்பதும் சேர்ந்தே தெரிந்தால்தான் வாக்கியம் வரும். 'டெட்லைன்' என்றால் 'மீட்' அல்லது 'மிஸ்'. 'இன்வாய்ஸ்' என்றால் 'ரெய்ஸ்' அல்லது 'சென்ட்'. 'பேமென்ட்' என்றால் 'மேக்'. நம்மில் பலர் 'கிவ் பேமென்ட்' என்கிறோம். 'பணம் கொடு' என்று தமிழில் யோசித்ததன் விளைவு அது.

ஏ.எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1920களில் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். வார்த்தைக்குப் பொருள் தெரிந்தும் அதை வாக்கியத்தில் எப்படி உட்கார வைப்பது என்று தெரியாமல் மாணவர்கள் திணறுவதை அங்கே பார்த்தார். எந்த வினைச்சொல் எந்த அமைப்பில் வரும் என்று காட்டும் அகராதி ஒன்றைத் தோழர்களோடு சேர்ந்து தயாரித்தார். அது 1942-இல், போர்க்காலத்து டோக்கியோவில் வெளிவந்தது. இன்று நம் கல்லூரி நூலகங்களில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழி வந்ததுதான்.

உங்கள் நோட்டை வீசிவிடாதீர்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். எங்கிருந்து எடுப்பது என்று தேட வேண்டாம். உங்கள் பையர் உங்களுக்கே எழுதிய பழைய மெயில்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சாம்பிள் அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி, தாமதத்துக்கு விளக்கம் என்று உங்கள் தொழிலுக்கு வேண்டிய வாக்கியமெல்லாம் அவற்றில் தயாராக இருக்கிறது.

கே: 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று எழுதினால் வெளிநாட்டுக்காரர்கள் சிரிக்கிறார்களாமே, அது தப்பா?
– அரசு ஊழியர், திருச்சி

ப: தப்பில்லை, பழசு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் புழங்கி அங்கே ஓய்ந்துவிட்டது. இங்கே தாலுகா ஆபீஸிலிருந்து ஐ.டி. கம்பெனி வரை வாழ்கிறது. யார் சிரிக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை, அதுதான் குறை. 'மூன்றாம் பக்கத்தில் கையெழுத்திட்டு வியாழனுக்குள் திருப்பி அனுப்புங்கள்' என்று நேராக எழுதுங்கள். ஆவன செய்பவருக்கு எது ஆவன என்று தெரிய வேண்டாமா?

கே: 'ரிவர்ட் பேக்' சரியா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ப: 'பேக்' வேண்டவே வேண்டாம். 'ரிவர்ட்' என்றாலே பழைய நிலைக்குத் திரும்புதல்தான். பதில் சொல்வது என்ற பொருளில் அதை எழுதுவது இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். அமெரிக்கரோ ஆங்கிலேயரோ ஒரு நொடி தடுக்கி நிற்பார். 'ஐ வில் கெட் பேக் டு யூ', அல்லது வெறும் 'ரிப்ளை'. இரண்டும் எங்கும் செல்லும்.

கே: அப்படியானால் 'ப்ரீபோன்'?
– அதே மாணவியின் தோழி, நாகர்கோவில்

ப: 'போஸ்ட்போன்' இருக்கும்போது அதற்கு எதிர்ச்சொல் வேண்டும் என்று கேட்ட நம் ஊர்க்காரர்களின் மூளையை நான் மதிக்கிறேன். இந்தியருக்கு இந்தியர் தாராளமாகச் சொல்லலாம். வெளிநாட்டவரிடம் 'ப்ரிங் ஃபார்வர்ட்'.

ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. 'புதன்கிழமை மீட்டிங் இரண்டு நாள் ஃபார்வர்டாக நகர்ந்திருக்கிறது' என்று ஆங்கிலத்தில் சொல்லி, இப்போது அது எந்தக் கிழமை என்று உளவியல் ஆய்வாளர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களில் ஒரு பகுதியினர் திங்கள் என்றார்கள், மற்றவர்கள் வெள்ளி என்றார்கள். ஆகவே எந்தச் சொல்லைப் போட்டாலும் கூடவே கிழமையையும் தேதியையும் சொல்லிவிடுங்கள். ஃப்ளைட் டிக்கெட் போட்டவர் உங்களை வாழ்த்துவார்.

கே: லண்டன் வாடிக்கையாளர் ஒருவர் என் மெயில்கள் கடுமையாக இருப்பதாக எங்கள் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு மெயிலிலும் 'சார்' போட்டேன், 'ப்ளீஸ்' போட்டேன். இதற்கு மேல் மரியாதைக்கு நான் எங்கே போவேன்?
– பம்ப்செட் கம்பெனி விற்பனைப் பிரிவு, கோயம்புத்தூர்

ப: உங்கள் வருத்தம் நியாயம். கோவைக்காரரை மரியாதை தெரியாதவர் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? என்ன நடந்தது என்று விரிவாகவே சொல்கிறேன், இது உங்கள் ஒருவருடைய பிரச்சினை இல்லை.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'அனுப்பு' என்பதோடு 'ங்க' சேர்ந்தால் போதும், கட்டளை வேண்டுகோளாகிவிடும். 'அனுப்புங்களேன்' என்றால் இன்னும் இளகும். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒரே 'யூ'. வாலில் சேர்க்க ஒன்றுமில்லை. அதனால் அவர்கள் மரியாதையை வாக்கியத்தின் முன்பக்கம் வைக்கிறார்கள்: 'குட் யூ', 'வுட் யூ மைண்ட்', 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப்'. கட்டளையைக் கேள்வியாக்குவதும், நிகழ்காலத்தை இறந்தகாலமாக்குவதும்தான் அவர்களுடைய 'ங்க'. 'ப்ளீஸ் சென்ட் தி ட்ராயிங் டுடே, சார்' என்று நீங்கள் எழுதும்போது உங்கள் மனசில் 'அனுப்புங்க சார்' இருக்கிறது. அவர் காதில் 'இன்றைக்கே அனுப்பு' என்ற கட்டளையும் ஒரு 'ப்ளீஸும்' விழுகிறது. 'சார்' அவரை இன்னும் விலக்கி நிறுத்துகிறது. அங்கே உடன் வேலை செய்பவர்கள் பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள். அவர் பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருந்தால் நீங்களும் அந்தப் பெயரையே போடுங்கள். மனசு கேட்காது, பழகிவிடும்.

குறை சொல்லும்போது 'யூ'வைத் தூக்கிவிடுங்கள். 'நீங்கள் தப்பான இன்வாய்ஸ் அனுப்பியிருக்கிறீர்கள்' என்பதற்குப் பதிலாக 'இன்வாய்ஸில் ஒரு பிழை இருப்பதுபோல் தெரிகிறது' என்று எழுதினால் சண்டை பாதியாகக் குறையும். 'தேர் சீம்ஸ் டு பி' என்ற தொடக்கத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கெட்ட செய்திக்கு 'ஐ'ம் அஃப்ரெய்ட்' என்று தொடங்குங்கள். அதற்குப் பயம் என்று பொருள் இல்லை, 'வருத்தத்தோடு சொல்கிறேன்' என்று பொருள். 'மஸ்ட்' என்ற சொல்லை வாடிக்கையாளர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று. லண்டன்காரர் உங்கள் கொட்டேஷனைப் பார்த்து 'க்வைட் குட்' என்றால் துள்ளிக் குதிக்க வேண்டாம். 'பரவாயில்லை' என்பதுதான் பெரும்பாலும் அதன் எடை. அதையே அமெரிக்கர் சொன்னால் நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

கே: 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றேன். மேனேஜர் எங்கே போகிறாய் என்று கேட்டார். நான் வீட்டுக்குத்தான் கிளம்பினேன்.
– வங்கி ஊழியர், மதுரை

ப: நாம் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் வழக்கமில்லாதவர்கள். அந்த நல்ல மனசு ஆங்கிலத்தில் ஏறவில்லை. 'சீ யூ டுமாரோ' போதும்.

இதே குடும்பத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 'ஐ ஆம் இன் தி ஆபீஸ் ஒன்லி': அந்த 'ஒன்லி' நம்முடைய 'தான்'. 'மார்னிங் இட்செல்ஃப் ஐ செண்ட்': அந்த 'இட்செல்ஃப்' நம்முடைய ஏகாரம். எதற்கெடுத்தாலும் 'இஸ் இட்?' என்பது 'அப்படியா?'. 'டூ ஒன் திங்' என்பது 'ஒண்ணு செய்ங்க'. போனை எடுத்ததும் 'டெல் மீ' என்றால் நமக்கு அன்பான 'சொல்லுங்க'. எதிர்முனையில் இருக்கும் வெளிநாட்டவருக்கு அது அதட்டல். அங்கே 'ஹவ் கேன் ஐ ஹெல்ப்?' என்று கேளுங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் அவர் உங்களுக்குத் தம்மேல் சந்தேகம் என்று நினைக்கலாம். கேட்க வந்தது கேள்விதானே, 'கொஸ்டின்' என்றே சொல்லுங்கள்.

உங்கள் கிளையில் எல்லோரும் தமிழர்கள் என்றால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எதிரே இருப்பவர் யார் என்று பார்த்து மாற்றிக்கொண்டால் போதும்.

கே: 'யுவர் அவுட்ஸ்டாண்டிங் அக்கவுண்ட்' என்று மெயில் வந்தது. பாராட்டு என்று நினைத்து நன்றி எழுதிவிட்டேன்!
– கணக்கர், ஈரோடு

ப: நன்றியோடு செக்கும் அனுப்பிவிடுங்கள். 'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் மிகச் சிறந்தது, நிலுவையில் இருப்பது என்று இரண்டு பொருள் உண்டு. பக்கத்தில் பாக்கித் தொகையோ தேதியோ இருந்தால் இரண்டாவதுதான்.

கே: எங்கள் அமெரிக்க மேனேஜர் 'டச் பேஸ்', 'பால்பார்க்', 'ரெயின் செக்' என்று என்னென்னவோ சொல்கிறார். அகராதியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பேச்சு மாறிவிடுகிறது.
– மென்பொருள் ஊழியர், சென்னை

ப: அவர் பேஸ்பால் மைதானத்தில் நின்று பேசுகிறார், வேறொன்றுமில்லை. 'பால்பார்க்' என்றால் ஆட்ட மைதானம். 'பால்பார்க் ஃபிகர்' என்றால் குத்துமதிப்பான தொகை. பேஸைத் தொட்டுவிட்டு ஓடுவது ஆட்ட விதி. 'டச் பேஸ்' என்றால் சுருக்கமாகப் பேசி நிலவரம் தெரிந்துகொள்வது. மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டுதான் 'ரெயின் செக்'. விருந்துக்கு அழைத்தவரிடம் அதைச் சொன்னால் 'இன்று முடியாது, இன்னொரு நாள்' என்று அர்த்தம். எதிர்பாராத சிக்கல் 'கர்வ்பால்'. 'ஸ்டெப் அப் டு தி ப்ளேட்' என்றால் சாப்பிடக் கூப்பிடவில்லை. அந்த ப்ளேட் பந்தை அடிப்பவர் நிற்கும் இடம், பொறுப்பை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்.

ஆங்கிலேயர் பேச்சில் இவற்றின் இடத்தில் கிரிக்கெட் இருக்கும், அது நமக்குச் சொந்த வீடு. 'ஆன் தி பேக் ஃபுட்' என்றால் தற்காப்புக்குத் தள்ளப்படுவது. 'ஸ்டிக்கி விக்கெட்' மழையில் நனைந்து காயும் பிட்ச், அதாவது சங்கடமான நிலைமை. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: 'நாக்ட் ஃபார் சிக்ஸ்' என்றதும் நமக்குக் கைதட்டத் தோன்றும். அது பந்து வீசியவர் பக்கம் நின்று சொல்வது. ஆடிப்போய்விட்டேன் என்று பொருள்.

எல்லாவற்றையும் நீங்களும் பேச வேண்டும் என்பதில்லை. கேட்டால் புரிந்தால் போதும். நீங்கள் எளிய சொல்லில் பதில் சொன்னால் எந்த மேனேஜரும் குறையாக நினைக்க மாட்டார்.

கே: பிரிட்டிஷ் ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் என்பதெல்லாம் ஸ்பெல்லிங் வித்தியாசம்தானே?
– பட்டதாரி ஆசிரியர், தஞ்சாவூர்

ப: அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போர் பற்றிய நூலில் சர்ச்சில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். அவர்கள் ஊரில் அதற்கு உடனே விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது என்று அர்த்தம். அமெரிக்கர்களுக்கோ ஒத்திப்போடுவது. இரண்டு தரப்பும் ஒரே கருத்தோடு உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் வாதாடியிருக்கிறார்கள்.

தேதியும் அப்படித்தான். 4/7 என்று எழுதினால் லண்டனில் ஜூலை 4, நியூயார்க்கில் ஏப்ரல் 7. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கே: மில்லியன், பில்லியன் என்றதும் தலை சுற்றுகிறது.
– கணினி மையம் நடத்துபவர், விழுப்புரம்

ப: மூன்றே மூன்று. மில்லியன் 10 லட்சம். பில்லியன் 100 கோடி. டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. காற்புள்ளியும் இடம் மாறும்: நம் 12,50,000 அவர்களுக்கு 1,250,000. பழைய பிரிட்டிஷ் புத்தகம் படித்தால் மட்டும் எச்சரிக்கை. அங்கே பில்லியன் என்பது ஒரு லட்சம் கோடியாக இருந்தது. 1974-இல் பிரதமர் ஹெரால்ட் வில்சன் அரசுதான் இனி 100 கோடியே என்று அறிவித்தது.

கே: 'மார்ஜின் 25 பர்சென்ட்' என்று பேசி முடித்தோம். கணக்குப் பார்த்தால் இரண்டு பேருக்கும் வேறு வேறு தொகை வருகிறது. யார் ஏமாற்றுகிறார்கள்?
– வீட்டு ஜவுளி ஏற்றுமதியாளர், கரூர்

ப: யாரும் ஏமாற்றவில்லை, ஒரு சொல் ஏமாற்றியிருக்கிறது. 400 ரூபாய் அடக்கத்துக்கு வாங்கி 500 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். லாபம் 100. அடக்கத்தின்மேல் கணக்கிட்டால் 25 சதவீதம், அதன் பெயர் 'மார்க்கப்'. விற்பனை விலையின்மேல் கணக்கிட்டால் 20 சதவீதம், அதன் பெயர் 'மார்ஜின்'. நம் கடைத்தெருவில் இரண்டையும் மார்ஜின் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். வெளிநாட்டுக் கடைக்காரர் 50 சதவீத மார்ஜின் வேண்டும் என்றால், உங்களிடம் 5 டாலருக்கு வாங்கி 10 டாலருக்கு விற்கப்போகிறார் என்று கொள்ளுங்கள்.

'டர்ன்ஓவர்' என்ற சொல்லிலும் இப்படி ஒரு கிளை உண்டு. பிரிட்டனில் அது மொத்த விற்பனை. அமெரிக்கர் ஒருவர் 'உங்கள் டர்ன்ஓவர் அதிகமாக இருக்கிறதே' என்று கவலைப்பட்டால், ஆட்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருப்பதைச் சொல்கிறார். பணம் சம்பந்தப்பட்ட சொல்லை ஒரு உதாரணக் கணக்கோடு மெயிலில் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இது கணக்கு.

கே: பெரிய பெரிய வார்த்தை போட்டு எழுதினால்தானே ஆபீஸில் மதிப்பு?
– இளநிலை உதவியாளர், சேலம்

ப: அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 1998-இல் எளிய ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி என்று கையேடு போட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் பெரும் முதலீட்டாளரான வாரன் பஃபெட். ஆண்டறிக்கை எழுத உட்காரும்போது தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரிடமும் பேசுவதாகவே நினைத்துக்கொள்வாராம். அவர்கள் புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் நிபுணர்கள் இல்லை. அவ்வளவு பணத்தைக் கையாண்டவருக்கே சின்ன வார்த்தை போதுமானதாக இருந்தது. 'யூட்டிலைஸ்' எழுதும் இடத்தில் 'யூஸ்' எழுதுங்கள், 'கமென்ஸ்' எழுதும் இடத்தில் 'ஸ்டார்ட்'. மதிப்பு தானாக வரும்.

கே: உச்சரிப்பை எப்படிச் சரி செய்வது? 'டெப்ட்' என்று படித்தேன், சிரித்துவிட்டார்கள்.
– நிதி நிறுவன ஊழியர், வேலூர்

ப: சிரித்தவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்த 'ப்' ஒலி அதில் ஒருநாளும் இருந்ததில்லை. பிரெஞ்சிலிருந்து வரும்போது அந்த எழுத்தே கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பின்னால் செருகிய எழுத்து அது. 'ரிசீட்' சொல்லிலும் அதே கதை. இரண்டையும் வாயால் சொல்லாமல் கையால் மட்டும் எழுதுங்கள்.

இதைவிட முக்கியமானது அழுத்தம். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே சீராகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசை தூக்கி ஒலிக்கும், மற்றவை அடங்கும். 'ரெக்கார்ட்', 'இன்க்ரீஸ்', 'எக்ஸ்போர்ட்' போன்றவை பெயர்ச்சொல்லானால் முதல் அசையிலும் வினைச்சொல்லானால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். இடம் மாறினால் கேட்பவர் தடுமாறுகிறார்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பக்கத்தில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், அடையாளம் தெரிவதற்காக மட்டும். 'கோட்' என்று எழுதினால் மேல்சட்டையா வெள்ளாடா என்று நம் எழுத்து காட்டாது. உச்சரிப்புக்குக் காதைத்தான் நம்ப வேண்டும். ஆன்லைன் அகராதிகளில் ஒலி கேட்கும் பொத்தான் இருக்கிறது, அழுத்திக் கேட்டு உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள்.

கே: அமெரிக்கர் மாதிரி பேசிப் பழகணுமா?
– கால் சென்டர் ஊழியர், சென்னை

ப: வேண்டாம். நிதானமும் தெளிவும் போதும். உங்கள் ஊர் உங்கள் குரலில் இருக்கட்டும்.

கே: ஆங்கிலத்தில் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றனவாமே, ஆபீஸில் பயன்படுத்தலாமா?
– தமிழ் இலக்கிய மாணவர், திருநெல்வேலி

ப: கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்று சூப்பாகிப் போனது. பெருமையோடு சொல்லுங்கள்.

ஆனால் இன்னொரு சொல்லும் நம்மிடமிருந்து போயிருக்கிறது: 'பரையா'. ஆங்கில வணிகப் பத்திரிகைகள் ஒதுக்கப்பட்ட நாட்டையும் நிறுவனத்தையும் குறிக்க அதைச் சாதாரணமாக எழுதுகின்றன. அது பறையர் என்ற மக்களின் பெயர். ஒரு சமூகத்தின் பெயரை ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் உலகம் முழுக்கப் புழங்கவிட்டிருக்கிறார்கள். அர்த்தம் தெரிந்த நம் கை அதை எழுதக் கூடாது. உடன் வேலை செய்யும் வெளிநாட்டவர் எழுதினால், அதன் வரலாற்றை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்குத் தெரியாது, தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். 'அவுட்காஸ்ட்' என்று மாற்றி எழுதுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. யார் யாரோடு உறவை முறித்துக்கொண்டார்கள் என்று நேராக எழுதினால் போயிற்று.

கே: எனக்கு 54 வயது. அச்சகம் வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. மகன் வைத்த ஆளை நம்பியே வெளிமாநில வியாபாரம் ஓடுகிறது. இனிமேல் எனக்கு ஆங்கிலம் வருமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– சிவகாசி

ப: கூச்சத்தை முதலில் கழற்றி வையுங்கள் அண்ணாச்சி. நீங்கள் இன்று காலையிலிருந்து பேசியதை நினைத்துப் பாருங்கள்: ஆர்டர், அட்வான்ஸ், ப்ரூஃப், ப்ளேட், லேமினேஷன், பைண்டிங், டெலிவரி, பில், பேலன்ஸ், டிஸ்கவுண்ட். பிசினஸ் இங்கிலீஷ் என்று பெயர் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பதில் பாதி இதுதான். பெயர்ச்சொல் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. அவற்றை இணைக்கும் கொஞ்சம் வினைச்சொற்கள்தான் பாக்கி.

சின்ன வயசுக்காரர் உங்களைவிட வேகமாக மனப்பாடம் செய்யலாம். ஆனால் 'ப்ரூஃப் ஓகே ஆகாமல் ப்ரிண்ட் ஓட்டக் கூடாது' என்று சொல்ல வேண்டிய இடம் அவருக்குத் தெரியாது. எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவருக்கு எப்படிச் சொல்வது என்பது சீக்கிரம் வரும்.

நாளைக்கே தொடங்க ஐந்து வாக்கியம்: 'வென் டூ யூ நீட் இட்?' 'ஹவ் மெனி காப்பீஸ்?' 'ப்ளீஸ் செக் தி ப்ரூஃப்.' 'இட் வில் பி ரெடி பை ஃப்ரைடே.' 'ஹாஃப் தி அமவுண்ட் இன் அட்வான்ஸ்.' அந்த ஆள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு நாள் போனை நீங்களே எடுங்கள். இலக்கணம் பிசகினாலும் ஆர்டர் பிசகாது. உங்களிடம் ஆங்கிலம் குறைவு, அனுபவம் குறைவில்லை.

கே: படிப்பதெல்லாம் ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறது.
– போட்டித் தேர்வு எழுதுபவர், தருமபுரி

ப: எல்லோருக்கும் மறக்கும். ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, பிறகு மெதுவாகத்தான் குறைகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது.

1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் இதற்கொரு பெட்டி முறை சொன்னார். சின்ன அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தமிழில் சூழ்நிலை: 'சரக்கு தாமதமாகும் என்று சொல்லணும்'. மறுபக்கம் முழு ஆங்கில வாக்கியம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். முதல் பெட்டியைத் தினமும் பாருங்கள், பின்னால் உள்ள பெட்டிகளை நாள் தள்ளித் தள்ளி. மறுபக்கத்தைப் புரட்டுவதற்கு முன் வாய் திறந்து சொல்லிப் பார்க்க வேண்டும். அந்தத் தேடலில்தான் நினைவு நிற்கிறது.

கே: ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள். 30 நாளில் ஆங்கிலம் வருமா?
– மெடிக்கல் ரெப், கும்பகோணம்

ப: 30 நாளில் தைரியம் வரும். அது சின்ன விஷயமில்லை, பஸ் ஸ்டாண்டு கடையில் அந்தப் புத்தகங்களை வாங்கியவர்களை நான் ஒருபோதும் கேலி பேச மாட்டேன். ரென் அண்டு மார்ட்டின் இலக்கணத்துக்கு நல்லது. அந்த ரென் நாவலாசிரியரும்கூட, 'போ ஜெஸ்ட்' எழுதியவர். ஆனால் டாக்டர் அறை வாசலில் நிற்கும் உங்களுக்கு அவர் உதவிக்கு வரமாட்டார்.

பி.பி.சி. 1943-லிருந்து ஆங்கிலம் கற்பித்துவருகிறது. அதன் இணையதளத்தில் 'இங்கிலீஷ் அட் வொர்க்' என்று ஒரு ஆபீஸை வைத்து நடக்கும் ஒலி நாடகத் தொடர் இருக்கிறது, இலவசம். பைக்கில் போகும்போது வேண்டாம், பஸ்ஸில் கேளுங்கள். மரபுத்தொடர்களுக்கு, 'தி ஹிந்து'வில் எஸ். உபேந்திரன் பல ஆண்டுகள் எழுதிய 'நோ யுவர் இங்கிலீஷ்' பத்தியைத் தேடிப் படியுங்கள். நம் ஊர் வாசகர் எங்கே தடுக்குவார் என்று தெரிந்து எழுதியவர்.

கே: முதல் இன்டர்வியூ. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றால் என்ன சொல்வது?
– இறுதியாண்டு மாணவி, புதுக்கோட்டை

ப: 'மைசெல்ஃப்' என்று தொடங்காதீர்கள். 'ஐ'ம்' போட்டுப் பெயரைச் சொல்லுங்கள். 'பாஸ்டு அவுட்' வேண்டாம், வெளிநாட்டவர் மயங்கி விழுந்தீர்களா என்று பார்ப்பார். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். அப்பா என்ன வேலை, எத்தனை அண்ணன் தம்பி என்பதை அவர்கள் கேட்கவில்லை. என்ன படித்தீர்கள், உங்கள் கையால் செய்து முடித்த ஒரு வேலை, இந்த வேலை ஏன் வேண்டும். மூன்றுக்கும் மூன்று வாக்கியம். கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகுவதைவிட, தோழியை எதிரே உட்காரவைத்துப் பழகுங்கள். கண்ணாடி குறுக்குக் கேள்வி கேட்காது.

கே: போன் மீட்டிங்கில் அவர்கள் சொல்வது பாதி புரிவதில்லை. புரிந்த மாதிரி 'யெஸ் யெஸ்' என்று சொல்லிவிடுகிறேன். என்ன செய்வது?
– ஷிப்பிங் கிளார்க், தூத்துக்குடி

ப: அந்த 'யெஸ்' ஆபத்து. 'வாட்?' என்று கேட்டால் முகத்தில் அடிப்பது போலிருக்கும். 'சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்' என்று சொல்லுங்கள். வேகமாகப் பேசினால் 'குட் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி?' தாய்மொழி ஆங்கிலமாக உள்ளவர்களும் நாள்தோறும் கேட்கும் வாக்கியங்கள்தான் இவை. பாதி புரிந்தால், புரிந்த பாதியை நீங்களே திருப்பிச் சொல்லுங்கள்: 'சோ, ஜஸ்ட் டு கன்ஃபர்ம்' என்று தொடங்கினால் மீதியை அவரே நிரப்பிவிடுவார். எண்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் போனில் ஒன்றாகவே கேட்கும். 'ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ?' என்று கேளுங்கள். கன்டெய்னர் பதினைந்தா ஐம்பதா என்பது தெரிந்தாக வேண்டும். போனை வைத்த கையோடு, பேசி முடித்ததை மூன்று வரியில் மெயிலாக அனுப்பிவிடுங்கள், 'அஸ் டிஸ்கஸ்ட்' என்று தொடங்கி. தவறாகக் கேட்டிருந்தால் கப்பல் கிளம்புவதற்கு முன்பே பதில் வந்துவிடும்.